வேதகிரியின் நிழலில் ஓர் இல்லம்

பணிக்காலம் முழுவதையும் சென்னையில் கழித்து, பிள்ளைகளையும் கரையேற்றிவிட்ட பிறகு, 'இனி ஏதேனும் ஒரு கோயிலூரில் போய் அமைதியாக இருப்போம்' என்று எண்ணாத பெரியவர்கள் குறைவு. அதிகாலையில் கோயில் மணியோசை காதில் விழ வேண்டும். வாசலில் நின்றால் கோபுரம் கண்ணில் பட வேண்டும். பிள்ளைகள் அழைத்தால் அன்றே போய்ச் சேரும் தொலைவிலும் இருக்க வேண்டும். இம்மூன்றும் கூடிவரும் ஊர்கள் சிலவே. அவற்றுள் ஒன்று திருக்கழுக்குன்றம்.

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது இவ்வூர். செங்கல்பட்டு வரை மின்சார ரயில் உண்டு. அங்கிருந்து பேருந்தில் சுமார் 14 கி.மீ. பயணம். கிழக்கே அதே அளவு தொலைவு சென்றால் மாமல்லபுரத்துக் கடற்கரை. வட்டத் தலைநகரமாக இருந்தாலும் பேரூராட்சி என்ற அளவைத் தாண்டாத ஊர். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சாலையில் வருகிறவர்களை ஊருக்கு முன்பே மலைதான் வரவேற்கிறது. பாறைகள் அடுக்கியது போன்ற அந்தக் குன்றின் உச்சியில் சிறு விமானம் தெரிந்ததுமே, பேருந்தில் இருக்கும் முதியவர்களின் கைகள் தாமாகக் குவிகின்றன.

நான்கு வேதங்களே மலையாக நிற்பதால் இது வேதகிரி. உச்சியில் அருள்பாலிக்கும் பெருமான் வேதகிரீஸ்வரர். அம்பிகை சொக்கநாயகி. ஞானசம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் தனிப் பதிகமே அருளிய தலம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறைவனைத் தரிசிக்க வேண்டும். இம்மலையிலேயே ஒரே பாறையில் குடைந்த பல்லவர் காலத்து ஒருக்கல் மண்டபமும் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை அதன் கல்லில் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். கடல் கடந்து வந்தவர்களையும் நின்று பார்க்க வைத்த மலை இது.

இங்கே குடியேற எண்ணுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வியும் இந்தப் படிகளில்தான் பிறக்கிறது. அறுபது வயதில் இளைப்பாறி இளைப்பாறியேனும் ஏறிவிடும் கால்கள், எழுபத்தைந்தில் ஏறுமா? உச்சியில் இருக்கும் இறைவனை நம்பி வீடு மாறியவர், முழங்கால் ஒத்துழைக்காத நாளில் யாரைத் தேடிப் போவார்?

அந்தக் கேள்விக்கு விடையாக மலையடிவாரத்திலேயே வீற்றிருக்கிறார் பக்தவத்சலேஸ்வரர். அடியார்களிடம் தாயன்பு கொண்டவர் என்பது அத்திருநாமத்தின் பொருள். ஊரார் 'தாழக்கோயில்' என்று அழைக்கும் இந்தப் பெரிய ஆலயத்துக்கு நான்கு திசைகளிலும் கோபுரங்கள். கருவறையின் பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்த அமைப்புடையது. இங்கே அம்பிகை திரிபுரசுந்தரி. அன்னையின் திருமேனிக்கு முழு அபிஷேகம் ஆண்டில் மிகச் சில நாள்களில் மட்டுமே நடைபெறும். ஆடிப்பூரம் அவற்றுள் ஒன்று. ஏறத் தெம்புள்ளவருக்கு மேலே ஒரு சந்நிதி, ஏற இயலாதவருக்குக் கீழே ஒரு சந்நிதி என்று இறைவனே இரண்டு இடங்களில் எழுந்தருளியிருக்கிறான் எனக் கொள்வதில் தவறில்லை.

பௌர்ணமியில் மலையை வலம் வருவது இவ்வூர் வழக்கம். படியேற முடியாதவர் சமதரையில் நடந்து கிரிவலம் வரலாம். அதுவும் முடியாதவர் தாழக்கோயில் பிராகாரத்தைச் சுற்றலாம். அதற்கும் உடல் இடம் தராத நாளில், திண்ணையில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து மலையைப் பார்த்துக் கைகூப்பலாம். முதுமையின் ஒவ்வொரு படிக்கும் ஏற்ற வழிபாடு ஒன்றை இவ்வூர் வைத்திருக்கிறது.

ஊருக்குப் பெயர் தந்த கழுகுகளின் செய்தியும் குடியேற வருவோர்க்கு ஒரு பாடம். நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு வெண்ணிறக் கழுகுகள் மலைக்கு வந்து, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டு சென்ற காட்சியைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைக் காண்பதற்கென்றே தொலைதூரத்திலிருந்து கூட்டம் வந்த காலம் உண்டு. 1990-களின் பிற்பகுதிக்குப் பின் அவை வரவில்லை. ஆனால் கழுகுகள் நின்ற பின்னும் பூசை நிற்கவில்லை, விளக்கு அணையவில்லை. ஒரு காட்சியின் அழகுக்காக ஊரைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் காட்சி மறையும்போது ஊரும் வெறுமையாகிவிடும். என்றும் நிலைத்திருப்பது எதுவோ அதற்காக வருபவருக்கு அந்த ஏமாற்றம் இல்லை.

தாழக்கோயிலுக்கு உள்ள சிறப்போடு சங்கு தீர்த்தத்தின் பெருமையும் சேர்கிறது. மார்க்கண்டேயர் இறைவனை நீராட்டப் பாத்திரம் இன்றி நின்றபோது இக்குளத்தில் சங்கு தோன்றியது என்கிறது தலபுராணம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்கே சங்கு பிறக்கிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. குரு பகவான் கன்னி ராசிக்கு வரும்போது புஷ்கர மேளா நடைபெறுகிறது. அறுபத்தைந்து வயதில் குடியேறும் ஒருவர் அதை ஒருமுறையோ இருமுறையோ காணக்கூடும். மீதி நாள்களை எண்ணிப் பார்க்க வைக்கும் கணக்குதான். அக்கணக்கில் மனம் கலங்குவோருக்கு இத்தலத்துப் பரத்வாஜர் கதையே ஆறுதல்.

வேதங்கள் முழுவதையும் கற்க வேண்டும் என்று மேலும் மேலும் ஆயுளை வேண்டினார் அம்முனிவர். இறைவன் வேதங்களை மலைகளாகக் காட்டி, அவற்றிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, "இதுவரை நீ கற்றது இவ்வளவே" என்று உணர்த்தினாராம். இன்னும் எத்தனை ஆண்டுகள் என்பது பொருட்டன்று. இருக்கும் நாள்களில் நெஞ்சில் நிறைவது பக்தியா என்பதே பொருட்டு.

பக்தியோடு முன்யோசனையும் வேண்டும். எடுத்த எடுப்பில் நகரத்து வீட்டை விற்றுவிட்டு வருவது அறிவுடைமை ஆகாது. முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கலாம். பாறை மலை பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் வெப்பத்தை உமிழும் அக்கினி நட்சத்திரத்தையும், ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் அனுபவித்துப் பார்த்த பிறகே முடிவு செய்வது நல்லது. சித்திரைத் தேரின் கூட்டத்தில் ஊரைக் கண்டு மயங்குவதைவிட, சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் கடைவீதியில் நடந்து பார்ப்பது உண்மையைச் சொல்லும். வீடு தரைத்தளமாக இருக்கிறதா, கோடையில் கிணறு வற்றுமா, இரவில் மருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும். பெரிய நோய்க்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. நள்ளிரவில் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி கிடைக்குமா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் தம்பதியர் மனம் விட்டுப் பேசிக்கொள்வது அவசியம். இருவரில் ஒருவர் தனித்துவிட்டால், மற்றவரால் இவ்வூரில் இருக்க முடியுமா? இதைப் பேசுவது அமங்கலம் அன்று. ஒருவர் மீது ஒருவர் கொண்ட பரிவு. கோயிலுக்குப் போகும்போது, "இன்னும் உங்களைக் காணோமே என்று பார்த்தேன்" என்று கேட்க ஒரு பூக்காரம்மாவும், அடுத்த வீட்டுக் கதவும் அமைந்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அத்தகைய உறவு விலைக்குக் கிடைப்பதன்று. அன்றாடம் ஒரே வேளையில் ஒரே சந்நிதிக்குப் போவதால் தானே வளர்வது.

வீடு பார்க்க வரும் நாளில் முதலில் தாழக்கோயிலில் தரிசனம் செய்துவிட்டு, தெம்பிருந்தால் மலையேறலாம். உச்சியில் நின்று பார்த்தால் தெருக்களும் குளமும் கோபுரங்களும் உள்ளங்கையில் வைத்தாற்போல் தெரியும். அந்தக் கூரைகளுள் ஒன்றின் கீழ் தமக்கும் இடம் உண்டா என்பதை வேதகிரீஸ்வரரிடமே கேட்டுவிட்டு இறங்கலாம். இல்லை என்று அவர் திருவுள்ளம் கொண்டாலும், வந்து தரிசித்த பயன் வீண்போகாது.