வெள்ளை கோவிலுக்கு, வண்ணம் வீட்டுக்கு

கோவாவுக்குச் செல்லும் தமிழ்க் கத்தோலிக்கர் பெரும்பாலோர் பழைய கோவாவை மட்டுமே கண்டு திரும்புவர். 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஊர் ஊராய் நடந்து மறைபோதித்த புனித சவேரியாரின் திருவுடல் அங்கிருக்கையில் வேறெங்குச் செல்லத் தோன்றும்? 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை அத்திருவுடல் மக்கள் வணக்கத்திற்கு வைக்கப்பட்டபோது நாங்களும் கூட்டத்தோடு கூட்டமாய்ச் சென்று வணங்கினோம். அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாங்கள் எழுதப் புகுவது, பஞ்சிம் நகரில் தங்கிய இரண்டு நாட்களில் கண்ட வீட்டுச் சுவர்களைப் பற்றி. ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டின் உட்சுவர்களுக்கு வண்ணம் பூச வேண்டியிருந்தது. ஆகையால் கண் தானாகவே அங்குச் சென்றது.

பழைய கோவாவில் கொள்ளைநோய்கள் பெருகி மக்கள் வெளியேறவே, போர்த்துகீசிய ஆட்சியாளர் மெல்ல மெல்லப் பஞ்சிமுக்குப் பெயர்ந்தனர். 1843இல் அதுவே முறைப்படி தலைநகராயிற்று. அந்நகரில் ஒரு குன்றின் அடிவாரத்திற்கும் ஓர் ஓடைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் பழைய குடியிருப்பு ஃபொன்டைன்யாஸ். இரண்டு பேர் கைகோத்து நின்றால் அடைபட்டுவிடும் சந்துகள் அங்கு உண்டு. மஞ்சட்காவி பூசிய வீடு, அதை ஒட்டி நீல வீடு, அடுத்துச் செங்காவி, அப்பால் பாசிப்பச்சை. ஒவ்வொரு சன்னலைச் சுற்றியும் நிலையைச் சுற்றியும் நான்கு விரற்கடை அகலத்தில் வெள்ளைக் கரை. இவற்றின் நடுவே தூய வெண்மையாய் நிற்பது புனித செபஸ்தியார் சிற்றாலயம் ஒன்றுதான். அங்குள்ள பாடுபட்ட சுரூபத்தில் ஆண்டவர் தலை சாயாமல், விழித்த கண்களோடு இருக்கிறார். ஒரு காலத்தில் சமய விசாரணை மன்றத்து மாளிகையில் இருந்த சுரூபம் அது என்று கேட்டபோது, அக்கண்களை நெடுநேரம் நோக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

வெண்மை கோவிலுக்கே உரியது, வீட்டை முழுவெள்ளையாய்ப் பூசலாகாது என்று போர்த்துகீசியர் காலத்தில் ஒரு கட்டளை இருந்ததாக ஊரார் சொல்லுகின்றனர். கட்டளையோ வழக்கமோ, கண்ணுக்கு அதன் பயன் தெளிவாய்த் தெரிகிறது. எவ்வளவு தொலைவிலிருந்து நோக்கினாலும் கோவில் எது, குடியிருப்பு எது என்று கேட்க வேண்டியதில்லை. இன்று இவ்வண்ணங்களைப் படம் பிடிக்க வருவோர் தொல்லை மிகுந்து, "இங்கே படம் எடுக்காதீர்" என்று சில வீட்டார் பலகை தொங்கவிட்டுள்ளனர். பிறர் வாசற்படியில் அமர்ந்து, உள்ளே ஒரு கிழவி உறங்குகிறாளா என்றுகூட எண்ணாமல் படமெடுத்துக் கொள்ளும் வழக்கம் எங்களுக்கும் பிடிக்கவில்லை. நாங்கள் ஒரு வீட்டினுள் சென்றது, எங்களோடு பயணம் வந்த அருட்சகோதரி ஒருவர் அவ்வீட்டாரை முன்பே அறிந்திருந்ததால்தான்.

வீட்டின் முன்னே திண்ணை இருந்தது. அதை அவர்கள் பல்காவு என்கின்றனர். இருபுறமும் காரை பூசிய இருக்கை, மாலையில் தெருவைப் பார்த்துப் பேசியிருக்க. நம் திண்ணைக்கு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். உள்ளே நுழைந்ததும் எங்களுக்கு ஒரு வியப்பு. சன்னல், மேசை, அலமாரி, சாவி என்று நாம் வீட்டில் நாள்தோறும் புழங்கும் சொற்கள் நான்கும் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. அச்சொற்களின் தாய்வீட்டுக்கே வந்து நிற்பது போல் இருந்தது.

அவ்வீட்டுச் சன்னலில் கண்ணாடி இல்லை. மெல்லிய சிப்பி ஓடுகளைச் சதுரமாய் நறுக்கி மரச்சட்டத்தில் கோத்திருந்தனர். கோவாவின் பழைய வீடுகளில் இது வழக்கம். வெளியே கொளுத்தும் வெயில் அச்சிப்பியின் வழியே பால் போல் வடிந்து உள்ளே வருகிறது. அந்த மங்கிய ஒளியை நம்பியே உட்சுவருக்கு அடர்ந்த நீலம் பூசியிருந்தனர். வெளிச்சுவரின் மஞ்சளை உள்ளே கொண்டுவரவில்லை. கூடத்தின் ஒரு கோடியில் மரவேலைப்பாடு நிறைந்த வீட்டுப்பீடம். அதன் பின்சுவர் மட்டும் செங்காவி. மாலையில் மெழுகுதிரி ஏற்றினால் அச்சுவர் தணல் போல் ஒளிரும் என்றார் வீட்டு அம்மையார். இடுப்பளவு உயரம் வரை சுவரில் ஓர் இருண்ட பட்டை ஓடியது. நாற்காலி உரசும் இடம், குழந்தை கை வைக்கும் இடம், தரை கழுவும்போது நீர் தெறிக்கும் இடம் எல்லாம் அப்பட்டைக்குள் அடங்கிவிடுகின்றன. நம் பாட்டிமார் சுவரடியில் செம்மண் பட்டை தீட்டியதும் இதே அறிவுதான் அன்றோ!

"எந்த அட்டையைப் பார்த்து இந்த நீலத்தைத் தேர்ந்தீர்கள்?" என்று வினவினோம். அம்மையார் சிரித்தார். அட்டை ஏதுமில்லை; சன்னலைப் பார்த்துத்தான் என்றார்.

இதை எழுதத் தூண்டியது அந்த விடைதான். நம்மவர் கடைக்குச் சென்று, குழல்விளக்கின் கீழ் நின்று, கட்டைவிரல் அளவுள்ள வண்ணச் சதுரத்தைக் கண்டு ஓர் அறையின் நிறத்தை முடிவு செய்கின்றனர். அந்தச் சதுரம் நான்கு சுவரிலும் விரியும்போது ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி இரு மடங்கு அடர்ந்து தோன்றும். பகலில் இதமாயிருந்த நிறம் இரவில் விளக்கு மாறியதும் வேறாகிவிடும். மின்விளக்குப் பெட்டியில் 2700 என்றோ 6500 என்றோ ஓர் எண் அச்சிட்டிருப்பதைக் காணலாம். முன்னது அகல்விளக்கின் மஞ்சள் ஒளிக்கு நெருங்கியது. பின்னது நீலம் பாய்ந்த வெள்ளை. முன்னதன் கீழ் இளமஞ்சள் சுவர் கனியும். பின்னதன் கீழ் அதே சுவர் வெளிறிப்போகும். ஆகவே சுவரிலேயே இரண்டு முழச் சதுரமாய்ப் பூசி, காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் பார்த்தபின் முடிவு செய்வதே முறை. மேற்கு வெயில் நேரே விழும் அறைக்குச் செம்மஞ்சள் பூசினால் மாலையில் அடுப்புக்குள் அமர்ந்தது போலாகும். அதற்கு வெளிர்நீலமோ இளம்பச்சையோ ஏற்றது. தாழ்வாரம் மறைத்து இருண்ட அறைக்குத்தான் வெண்ணெய் மஞ்சள் விருந்தாளியைப் போல் வந்து ஒளி சேர்க்கும்.

வண்ணத்தின் நிறம் ஒருபுறமிருக்க, அதன் உடல் எதனால் ஆனது என்பதும் பேசப்பட வேண்டும். கோவாவின் பழைய சுவர்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. துளை நிறைந்த கல். சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பெருமழையைக் குடித்துவிட்டு வெயில் காலத்தில் மூச்சாய் வெளிவிடும். சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் அம்மூச்சைத் தடுப்பதில்லை. அதன்மேல் நெகிழித் தன்மையுள்ள பூச்சைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளே அடைபட்டு, கொப்புளமாய் எழும்பி, தகடு தகடாய் உரியும். மழை ஓய்ந்தபின் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னர் வீட்டுக்குப் புதுப்பூச்சு இடுவது அங்குள்ளோர் வழக்கம். பழைய கோவாவின் போம் ஜேசுஸ் பேராலயத்தின் வெளிச்சாந்தை 1950களில் உரித்துவிட்டனர். கல்லின் சிவப்பு கண்ணுக்கு அழகாய்த்தான் இருக்கிறது, ஆனால் மழை அக்கல்லைக் கரைத்து வருகிறது என்று 2020இல் அவ்வாலயப் பொறுப்பாளரே வெளிப்படையாய் முறையிட்டார். சாந்து கல்லுக்குச் சட்டை. சட்டையைக் கழற்றி அழகு பார்த்ததன் விலையை 1605இல் அர்ச்சிக்கப்பெற்ற அவ்வாலயம் இன்று கொடுத்துக் கொண்டிருக்கிறது.

சுண்ணாம்போடு எல்லா நிறமும் ஒத்துப்போகாது. அதன் காரத்தைத் தாங்குபவை மஞ்சட்காவி, செங்காவி போன்ற மண்நிறங்களும், வெள்ளையடிக்கும்போது நாம் கலக்கும் நீலமும்தான். கோவாவின் தெருக்களில் இவையே திரும்பத் திரும்பக் காணப்படுவதற்கு இரசனை மட்டும் காரணமன்று. பூசும்போது பால் போல் நீர்க்க இருக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் முன் சுவரை நனைத்து, ஒருநாள் இடைவெளி விட்டு மூன்று முறையேனும் பூச வேண்டும். ஈரத்தில் அடர்ந்து தெரிவது காய்ந்ததும் மிக வெளிறிவிடும்; முதல்நாள் அஞ்சி நிறத்தைக் குறைத்துவிடலாகாது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு என்பதால் குழந்தைகள் அருகில் வரக்கூடாது.

கடைப்பூச்சே வேண்டுமென்போர் ஈயத்தை மறந்துவிட வேண்டாம். பழைய நாட்களில் பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஈயச் சேர்மம் கலப்பது வழக்கம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைப்பது. நம் நாட்டில் வீட்டுப் பூச்சுகளில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தகரத்தின் மேல் அக்குறிப்பு உள்ளதா என்று பார்த்து வாங்கலாம். அதற்கு முன் பூசிய பழைய கதவு சன்னல்களை உலர்வாய்த் தேய்த்துத் தூசி கிளப்புவதுதான் பேரிடர். நனைத்துத் தேய்த்து, துடைத்த துணியையும் எறிந்துவிட வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறுவரும் அவ்வேளையில் வேறு வீட்டில் இருப்பது நலம்.

எங்கள் வீட்டில் இவ்வளவு ஆராய்ச்சிக்குக் காரணம் ஒருவர். எண்பத்து மூன்று வயதான தாயாருக்கு ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று. மறு கண்ணை நீர்அழுத்த நோய் சிறிது சிறிதாய் மறைத்து வருகிறது. இந்நோய் உடையோருக்கு நிறத்திற்கும் நிறத்திற்கும் உள்ள வேறுபாடு மங்கிப்போகும். முன்னரே அவரது அறையில் சுவர் வெள்ளை, நிலை வெள்ளை, தரைக்கல்லும் வெள்ளை. இரண்டு முறை நிலையில் நெற்றியை மோதிக்கொண்டார். "மறுபடியும் வெள்ளையே அடியுங்கள், அறை பெரிதாய்த் தெரியும்" என்று பெயின்டர் சொன்னார். பிள்ளைகளோ இக்காலத்துச் சாம்பல் நிறத்தை விரும்பினர். அம்மா மட்டும், "உங்களுக்கு எது பிடிக்குமோ அதைச் செய்யுங்களப்பா, எனக்கென்ன" என்று சொல்லி வந்தார். பெரியவர்கள் அவ்வாறு சொல்லும்போது அதைச் சம்மதமாய் எடுத்துக்கொள்வது எளிது.

ஃபொன்டைன்யாஸ் தெருவில் நிலைகளைச் சுற்றியிருந்த கரை எங்கள் கண்முன் நின்றது. அங்கே வண்ணச்சுவரில் வெள்ளைக் கரை. இங்கே நாங்கள் அதைத் திருப்பிப்போட்டோம். பழைய பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேற்குப் பார்த்த அறையாதலால் பளபளப்பற்ற வெளிர்பச்சையைச் சுண்ணாம்பில் கலந்து பூசினோம். நிலைக்குச் செங்காவி. மின்விசைப் பலகையைச் சுற்றி அதே நிறத்தில் கையகலக் கட்டம். கட்டிலிலிருந்து கழிவறை வாசல் வரை இடுப்புயரத்தில் செங்காவிப் பட்டை ஒன்று ஓடுகிறது. அது முடிந்த அன்று மாலை அம்மா பட்டையின்மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு முறை நடந்து பார்த்தார். சுண்ணாம்பு விரலில் சற்று ஒட்டியது. அடுத்த பூச்சில் வச்சிரம் கொஞ்சம் கூட்டிச் சேர்க்கச் சொன்னோம்.

படிப்பறைக்குப் பிள்ளைகள் கேட்ட சாம்பல் நிறமே கிடைத்தது. கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்தின் பின்சுவர்தான் இன்னும் முடிவாகவில்லை. செங்காவியில் ஒரு சதுரம், நீலத்தில் ஒரு சதுரம் பூசி வைத்திருக்கிறோம். செங்காவி, படத்தின் கீழுள்ள சிறு சிவப்பு விளக்கை விழுங்கிவிடுகிறது என்று ஒரு கட்சி. நீலம் இரவில் இருண்டுபோகிறது என்று மறு கட்சி. இரண்டு சதுரங்களுக்கும் எதிரே அமர்ந்துதான் ஒரு வாரமாய் இரவுச் செபமாலை சொல்லி வருகிறோம்.