வெளுத்த கருப்பு

சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு காரை முழுதாகப் பார்ப்பதைவிடத் துண்டு துண்டாகப் பார்ப்பதுதான் எளிது. கதவுகள் சுவரோரம் சாத்தியிருக்கும். பம்பர்கள் கம்பியில் மாட்டித் தொங்கும். அந்தப் பம்பர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். பெயின்ட் அடித்த பாகம் கீறலோடு இருந்தாலும் நிறம் போகாமல் இருக்கும். பெயின்ட் படாத கருப்பு பிளாஸ்டிக் மட்டும் சாம்பல் பூத்து, திட்டுத் திட்டாக வெளிறிக் கிடக்கும். அந்தக் கருப்பை மீட்டுக் கொடுக்கிற வேலையைப் பார்ப்பதற்காகவே பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போயிருந்தேன்.

தகரக் கூரை, ஒரு கம்ப்ரஸர், இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம். நடத்துபவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இளமையில் டிங்கரிங் வேலை பார்த்தவர். கூட இருப்பவன் போளூர்ப் பக்கத்துப் பையன். அவரை ‘மாஸ்டர்’ என்றே கூப்பிடுகிறான். அன்று உள்ளே நின்றது ஒரு வெள்ளை எக்கோஸ்போர்ட். 2013-ல் இங்கே விற்பனைக்கு வந்த வண்டி அது, மறைமலைநகரில் செய்தது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-ல் அறிவித்தபின், இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் பொத்திப் பாதுகாக்கப் பார்க்கிறார்கள். எக்கோஸ்போர்ட்டுக்குச் சுற்றிலும் கீழ் ஓரத்தில் கருப்புக் கிளாடிங் உண்டு. அது வெளுத்துவிட்டால் வண்டிக்கே வயது கூடிவிடும்.

“சார், கைய வச்சுத் தேச்சுப் பாருங்க” என்றார் மாஸ்டர். சக்கர வளைவின் மேல் விரலை ஓட்டினேன். சாம்பல் நிறப் பொடி ஒட்டியது. “தூசின்னு நினைப்பீங்க. அது தூசி இல்ல. பிளாஸ்டிக்கே உதிருது.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. இந்தப் பாகங்களில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீனால் ஆனவை. ஒழுங்கான கட்டமைப்புள்ள பாலிப்ரொப்பிலீனை 1954-ல் இத்தாலியில் ஜூலியோ நட்டா உருவாக்கினார். 1963-ல் கார்ல் சீக்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த பிளாஸ்டிக் லேசானது, மலிவானது, கல் பட்டால் நசுங்காமல் தாங்கக்கூடியது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. கதிர் பட்ட இடத்தில் ஆக்சிஜன் புகுந்து நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. இதைத் தடுக்கத்தான் செய்யும்போதே கரித்தூளும் ஒளியைத் தாங்கவைக்கும் வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். கரித்தூள் நிறத்துக்கு மட்டும் அல்ல, கதிரை விழுங்கும் கவசமும் அதுதான். அந்தப் பாதுகாப்பு வருடக்கணக்கில் தேய்ந்தபின் மேல்தோல் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடித்துப் பிளக்கிறது. வலுவுக்காகக் கலந்த டால்க் தூள் வெளியே தலைகாட்டுகிறது. வெளிச்சம் அந்தப் பிளவுகளில் சிதறுவதால் கருப்பு சாம்பலாகத் தெரிகிறது.

சென்னை 13 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒரு முறையும் ஆகஸ்ட் நடுவில் ஒரு முறையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. தெருவில் நிறுத்தும் வண்டிக்கு இந்த ஊரில் ஒதுங்க நிழல் குறைவு.

மாஸ்டர் அடுத்துச் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு துணியை நனைத்துக் கிளாடிங்கின் மேல் ஓர் இழுப்பு இழுத்தார். ஈரம் பட்ட இடம் புது வண்டிபோல் கன்னங்கரேலென்று ஆனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து உலர்ந்து மறுபடி சாம்பலானது. தண்ணீர் பிளவுகளை நிரப்பியபோது வெளிச்சம் சிதறவில்லை. தண்ணீர் போனதும் சிதறியது. “ஈரத்துல கருப்பானா இதுக்கு இன்னும் உயிர் இருக்கு. ஈரம் பட்டும் வெள்ளைத் திட்டு தெரிஞ்சா பெயின்ட்தான், இல்லாட்டி வேற பீஸ்தான்” என்றார். கடைகளில் டப்பாவில் விற்கிற பளபளப்பு எண்ணெய்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தண்ணீருக்குப் பதில் சிலிகான் எண்ணெய், அது கொஞ்ச நாள் தங்குகிறது. நான்கு மழைக்கும் வாட்டர் வாஷுக்கும் பிறகு பழைய கதைதான்.

அதன்பின் கழுவல் ஆரம்பமானது. வேலையில் பெரும்பகுதி இதுதான். முதலில் பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பு முழுக்கப் பையன் மாஸ்கிங் டேப் ஒட்டினான். சக்கர வளைவில் டேப்பைச் சுருக்கம் விழாமல் வளைத்து ஒட்டுவது பழகிய கைக்குத்தான் வரும். பிறகு ஷாம்பு. அதற்குப் பிறகு பிசுக்கு எடுக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து அடித்துப் பிரஷ்ஷால் தேய்த்தல். இந்த பிளாஸ்டிக்கின் மேல் தோல்போல் ஒரு பொடிச் சொரசொரப்பு இருக்கிறது. முன்பு யாரோ பாலிஷ் போட்டபோது தெறித்த மெழுகு அந்தக் குழிகளில் வெள்ளையாக உறைந்திருந்தது. பையன் குந்தி உட்கார்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு திட்டாகத் தோண்டி எடுத்தான். வழிந்த நுரை காப்பி நிறத்தில் இருந்தது.

“இந்த வண்டிக்கு டீசல் போட்டுத் தொடச்சிருக்காங்க, வாசன வருது பாருங்க” என்றார் மாஸ்டர். டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் கருப்பு பிளாஸ்டிக்குக்கு நம் ஊரில் பல காலமாகத் தடவப்படும் மருந்துகள். அன்றைக்கு மினுங்கும். மறுநாளிலிருந்து தெருப்புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அருகிலிருக்கும் ரப்பர் பீடிங்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். அந்த எண்ணெய் குழிகளில் ஊறியிருக்கும்வரை மேலே போடும் எதுவும் ஒட்டாது. அதனால் தேய்ப்பு, அலசல், மறுபடி தேய்ப்பு. நுரை வெள்ளையாக வரும்வரை மாஸ்டர் விடவில்லை. பையனும் சலித்துக்கொள்ளவில்லை.

கழுவியபின் கம்ப்ரஸர் காற்றால் இடுக்குகளை ஊதினார்கள். கிளிப்புகளுக்குள் தங்கும் தண்ணீர், பூச்சு போட்டு முடித்தபின் சொட்டி வந்து கோடு போட்டுவிடுமாம். கடைசியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார்கள். துணியில் கறை வராத நிலை வந்தபிறகே அடுத்த கட்டம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் வாரங்களில் இந்த வேலையை அவர் எடுப்பதில்லை. காற்றில் ஈரம் இருக்கும்போது போட்ட பூச்சு சரியாகப் பிடிப்பதில்லை என்பது அவர் அனுபவம்.

வண்டி உலர்ந்துகொண்டிருந்த நேரத்தில், சூடான காற்றை ஊதிக் கருப்பை மீட்கும் ஹீட் கன் பற்றிக் கேட்டேன். மூலையில் கிடந்த உடைந்த பம்பர் ஒன்றை எடுத்து வந்து திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ‘பிபி ப்ளஸ் ஈபிடிஎம் – டி20’ என்று அச்சாகியிருந்தது. பாலிப்ரொப்பிலீனும் ஒருவகை ரப்பரும் கலந்தது, டால்க் 20 விழுக்காடு என்று பொருள். “இத படிச்சிட்டுத்தான் கன்ன கையில எடுக்கணும். எல்லா பிளாஸ்டிக்கும் ஒண்ணு இல்ல” என்றார். சூடான காற்றைச் சீராக ஆட்டிக்கொண்டே காட்டினார். சாம்பல் தோல் இளகிச் சமனாகி, கருப்பு மேலெழுந்து வந்தது. மந்திரம்போல் இருந்தது. ஆனால் பாலிப்ரொப்பிலீன் உருகுவது ஏறத்தாழ 160 டிகிரியில்; கன்னின் வாயிலோ 500 டிகிரிக்கும் மேல். ஓர் இடத்தில் வேண்டுமென்றே கையை நிறுத்தினார். சொரசொரப்பு வழுவழுப்பாக மாறி, மினுங்கும் தழும்பு விழுந்துவிட்டது. அந்தத் தழும்பை யாராலும் திருப்ப முடியாது. சூடு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. தேய்ந்துபோன பாதுகாப்பு தேய்ந்ததுதான், அடுத்த முறை வெளுப்பு இன்னும் சீக்கிரம் வரும். வாடிக்கையாளர் வண்டியில் அவர் இதைச் செய்வதில்லை. வீட்டில் கன் வாங்கிவைத்து முயல்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கேஸ் பர்னரை வைத்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது பக்கத்துப் பெயின்ட்டையும் ரப்பரையும் சேர்த்தே பொசுக்கும்.

பெயின்ட் அடிப்பது ஒரு வழி என்றாலும் பாலிப்ரொப்பிலீன் எதையும் எளிதில் ஒட்டவிடாது. அதற்கென்று தனிப் பிரைமர் போடாமல் அடித்தால் ஓரம் ஓரமாக உரிந்து வரும். பக்கத்துக் கடை பெயின்ட் மேஸ்திரிக்கும் மாஸ்டருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. இவர் சிலிகான் ஸ்பிரே அடிக்கவே மாட்டார். காற்றில் மிதக்கும் சிலிகான் துளி, அங்கே புதிதாக அடித்த பெயின்ட்டில் விழுந்தால் குழி குழியாகக் கண் விழுந்துவிடும். ஒரு கதவையே மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டிவரும். ஒரே சந்தில் பிழைக்கிற இருவர் எழுதாமல் காப்பாற்றும் இந்த விதி, இந்தத் தொழில் எவ்வளவு நுட்பமானது என்பதற்குப் போதுமான சாட்சி.

எக்கோஸ்போர்ட்டுக்கு அவர் போட்டது செராமிக் வகைப் பூச்சு. சின்னப் புட்டியிலிருந்து சில துளிகளை, மென்துணி சுற்றிய ஸ்பாஞ்சில் விட்டார். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. உடனே மைக்ரோஃபைபர் துணியால் மிச்சத்தை ஒற்றி எடுத்தார். மிச்சம் நின்றால் ஈரக் கோடுபோலக் காய்ந்துவிடும். அவர் கை எங்கும் அவசரப்படவில்லை; ஆனால் எங்கும் நிற்கவும் இல்லை. இந்தப் பூச்சு எண்ணெய்போல் வழிவதில்லை, மேலே கடினமாக இறுகிவிடுகிறது. இறுகும்வரை ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது. ஒழுங்காகக் கழுவிப் போட்டால் வருடக் கணக்கில் நிற்கும். அவர் சேர்த்துச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: “அழுக்கு மேல போட்டா எந்தக் கம்பெனி புட்டியா இருந்தாலும் மூணு மாசந்தான் சார்.”

மாலையில் உரிமையாளர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. ஆனால் கூலி என்று வந்தபோது, “பிளாஸ்டிக்கத் தொடைக்கிறதுக்கா அண்ணே இவ்ளோ?” என்றார். மாஸ்டர் சிரித்துவிட்டுக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். எனக்கு மனம் ஆறவில்லை. அவர் குறைத்துக்கொண்டது பூச்சின் விலையை அல்ல. புட்டியின் விலை மாறாது. பையன் குந்தி உட்கார்ந்து பல் பிரஷ்ஷால் தோண்டிய நேரத்தின் விலை அது.

அந்தப் பையனின் விரல்களைப் பார்த்தேன். பிசுக்கு எடுக்கும் திரவத்தில் ஊறி நகக்கண் ஓரமெல்லாம் வெடித்திருந்தது. கையுறை இருக்கிறது, ஈரத்தில் பிரஷ் வழுக்குகிறது என்று கழற்றிவிடுகிறான். ஆல்கஹாலும் தின்னரும் ஆவியாகும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. பிடிமானம் உள்ள நல்ல கையுறையும், ஆவி வெளியேற ஒரு எக்ஸாஸ்ட் விசிறியும் பெரிய செலவு இல்லை. அதற்கான பணம் வரவேண்டியது கழுவலுக்குத் தரும் கூலியிலிருந்துதான். அதைத்தான் எல்லோரும் பேரம் பேசுகிறோம்.

வண்டியை இந்த வேலைக்கு விடப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் புட்டி என்று கேட்பதற்கு முன் எவ்வளவு நேரம் கழுவுவீர்கள் என்று கேளுங்கள். டீசல் தடவியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு முழு நாள் வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நாளுக்கான கூலியைக் கேட்டபடி கொடுங்கள்.