வேடமும் வீடும்

சித்திரக்கதைகள் சிறு பிள்ளைகளின் பொழுதைக் கெடுப்பன என்று சொல்லி வந்தவர்களுள் நாமும் ஒருவர். ஆதலின், நமது மகள் மேசைமேல் வைத்துப் போயிருந்த 'மேன்ஹண்டர்' என்னும் அமெரிக்கச் சித்திரக்கதையை நாம் கையிலெடுத்தது, அதைக் கண்டிப்பதற்குக் குற்றம் தேடும் நோக்கத்துடனேதான். குற்றம் கிடைத்ததும் உண்மையே. ஆனால் அது புத்தகத்தினிடம் இருக்கவில்லை, நம்மிடம் இருந்தது. அதனையே இங்கு வாசகர்முன் வைக்கின்றோம்.

மார்க் ஆண்ட்ரேய்கோ என்பார் எழுதிய இக்கதையை டி.சி. காமிக்ஸ் நிறுவனத்தார் 2004-ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கினர். கதாநாயகி கேட் ஸ்பென்ஸர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அரசாங்க வக்கீல். குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கித் தருவது அவள் உத்தியோகம். காப்பர்ஹெட் என்னும் கொலைகாரன்மீது அவள் நடத்திய வழக்கில் அவள் எதிர்பார்த்த நீதி கிட்டவில்லை. அவனோ காவலையும் கடந்து தப்பிவிடுகிறான். சினமுற்ற கேட், சான்றுப் பொருள்களாகக் காப்பில் வைத்திருந்த கவசத்தையும் கையுறைகளையும் கோலையும் எடுத்து அணிந்து, அவனைத் தேடிச் சென்று கொன்றுவிடுகிறாள். பகலில் சட்டத்திற்காக வாதாடியவள், இரவில் சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள்.

இது முறையா என்று வாசகர் கேட்பர். முறையன்று என்பதே நமது துணிபு. ஒருவருடைய கோபமே தீர்ப்பாகுமானால், நாளை வலியவன் கோபமே எல்லோருக்கும் சட்டமாகிவிடும். ஆசிரியரும் அவளைத் தெய்வமாக்கிக் காட்டவில்லை. அவள் ஓயாமல் புகைபிடிப்பவள். அரசாங்கப் பாதுகாப்பில் ஒளிந்து வாழும் பழைய குற்றவாளி ஒருவனை மிரட்டித் தன் கருவிகளைச் செப்பனிடச் செய்பவள். நல்லவள் தவறும் செய்வாள் என்று ஒளிக்காமல் சொல்லும் கதை இது.

முகமூடி அணிந்த வக்கீல் இவள் ஒருத்திமட்டும் அல்லள். 1964-இல் தோன்றிய 'டேர்டெவில்' கதையின் மாட் மர்டாக்கும் அத்தகையவனே. குத்துச்சண்டைக்காரரான அவன் தந்தை, தன் மகன் சண்டைக்குப் போகாமல் கல்வி கற்று உயரவேண்டும் என்று விரும்பியவர். பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்க மறுத்தமையால் கொல்லப்பட்டவர். மாட் இறந்த தந்தைக்குக் கடமைப்பட்டவன். கேட் ஸ்பென்ஸரோ உயிரோடு காத்திருக்கும் மகனுக்குக் கடமைப்பட்டவள். இரண்டாவது கடனே கடினமானது என்று நாம் கருதுகிறோம். இறந்தவர் மணி பார்ப்பதில்லையன்றோ?

கேட் கணவனைப் பிரிந்தவள். ராம்ஸி என்னும் சிறுவன் அவள் மகன். அவனுக்குரிய நேரமெல்லாம் வழக்கிற்கும் வேட்டைக்கும் போய்விடுகிறது. ஊரைக் காப்பதற்கென்று அவள் வீட்டில் மறைத்துவைத்த கருவியே அச்சிறுவன் கண்ணிற்பட்டு, அவனைக் காயப்படுத்தி, ஆஸ்பத்திரியில் கிடத்துகிறது. அந்தப் பக்கத்தைத் தாண்ட நமக்கு நெடுநேரம் ஆயிற்று.

நாம் கவசம் அணிந்தவரல்லர். ஆயினும் எட்டு ஆண்டுகளாக வாரத்தில் நான்கு மாலைகள், வசதியற்ற பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லி வருகின்றோம். அதற்காக ஊரார் புகழ்ந்ததுண்டு. நாம் மகிழ்ந்ததும் உண்டு. நமது மகள் ஆறு வயதாயிருக்கையில் ஒருநாள், "அப்பா, உங்கள் வகுப்பில் சேர எனக்கு எத்தனை வயது ஆகவேண்டும்?" என்று கேட்டாள். அதனைக் குழந்தையின் கல்வி ஆர்வம் என்று எண்ணிப் பூரித்தோம். ஒரு விழா மேடையிலும் சொல்லிக் கைதட்டல் பெற்றோம். அவள் கேட்டது பாடத்தையன்று, நம்மை என்பது, ராம்ஸி படுத்திருக்கும் சித்திரத்தைக் கண்டபோதுதான் விளங்கிற்று. அப்பொழுது அவளுக்கு வயது பதின்மூன்று.

அப்படியாயின் பொதுப்பணியை விட்டுவிடலாமா? அதுவும் தீர்வன்று. நமது தாயார் தோட்டத்தில் பால்வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும்போது நம்மை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார். எங்கே போகிறார், ஏன் போகிறார், எப்போது வருவார் என்பதைத் தினமும் சொல்லிவிட்டே போவார். பிரிவு இருந்தது, மறைவு இல்லை. அதனால் அவர் இல்லாத நேரத்திலும் நாம் தாயற்ற பிள்ளையாக இருந்ததில்லை. கேட் செய்த பிழை வெளியே சென்றதன்று. தான் யார் என்பதை வீட்டிற்குச் சொல்லாமற் சென்றதேயாம். நாமும் எங்கே போகிறோம் என்று சொன்னோமேயன்றி, ஏன் போகிறோம் என்று மகளிடம் உட்கார்ந்து பேசியதில்லை.

இக்கதை இடையில் நிறுத்தப்பட இருந்தபோது வாசகர்கள் விடாது கோரிக்கை எழுப்பி அதற்கு உயிர் தந்தனர். அதனால் அது 38 இதழ்கள் வரை நடந்து 2009-இல் முடிவெய்தியது. பிந்திய இதழ்களில், ஒரு மனிதனைக் கொன்ற குற்றத்திற்காளான வொண்டர் வுமனுக்காக இதே கேட் வாதாடுகிறாள். தானும் கொன்றவள் என்பதை அறிந்தே அவள் பேசுகிறாள் என்பதனால் அவ்வாதம் நமக்குக் கனமாகத் தோன்றிற்று.

நாம் மாலை வகுப்பை விடவில்லை. நான்கு நாள்களை மூன்றாக்கி, ஒரு நாளை மகளுக்கென்று வைத்துள்ளோம். முதல் வாரம் அவள் நம்மை நம்பவில்லை; நாம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்று கதவையே பார்த்திருந்தாள். இரண்டாம் வாரம் அடுத்த தொகுதியைக் கொணர்ந்து நம் முன் வைத்து, "இதில் குற்றம் இருக்கிறதா என்று பாருங்கள்" என்றாள். இருவரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.