சம்பளம் கொடுப்பவரும் சிம்ஃபொனியும்

பி.காம். படிக்கிறவனுக்கு பீத்தோவன் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு சங்கீதம் முறையாகத் தெரியாது. ஆனால் எதைப் பார்த்தாலும் 'காசு யார் கொடுக்கிறார்கள்?' என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அப்படிக் கேட்டால் ஐரோப்பிய இசையின் 'ரொமாண்டிக்' காலம் நன்றாகவே புரிகிறது. (பெயரைப் பார்த்துக் காதல் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள்!)

அதற்கு முந்தைய தலைமுறைக்காரர் ஹைடன். 1761-ல் எஸ்டர்ஹாசி என்ற பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சீருடை போட வேண்டும், பிரபு கேட்பதை எழுத வேண்டும், எழுதியதை வெளியே யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் இப்படி!

பீத்தோவன் காலத்தில் நிலைமை மாறியது. 1809-ல் மூன்று பிரபுக்கள் சேர்ந்து அவருக்கு ஆண்டுக்கு 4,000 ஃப்ளோரின் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். வியன்னாவிலேயே இருந்தால் போதும், என்ன எழுதுவது என்பது அவர் இஷ்டம். அதோடு பதிப்பாளர்கள் தரும் பணம், டிக்கெட் பணம். 1824-ல் ஒன்பதாவது சிம்ஃபொனிக்குக் கைதட்டல் அதிர்ந்தது, செலவு போக மிஞ்சியதோ கொஞ்சம்தான். சுதந்திரத்துக்கு அதுதான் விலை.

1830-ல் பெர்லியோஸ் தன் காதல் வேதனையையே சிம்ஃபொனியாக்கி, அதன் கதையையும் அச்சடித்துக் கொடுத்தார். ஹைடனின் ஒப்பந்தத்தில் இதற்கு இடமிருக்குமா? பெரிய அரங்கு, பெரிய வாத்தியக்குழு, முணுமுணுப்பிலிருந்து இடி வரை சத்தம். கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் கேட்டால் முணுமுணுப்பு காதில் விழாது, இடி மட்டும்தான் :-)

நம்ம ஊரில் பிரபுவின் இடத்தில் சினிமா இருந்தது. 1976-ல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமான இளையராஜா, காட்சி எத்தனை நொடியோ அத்தனை நொடிக்குள்தான் மேற்கத்திய வாத்தியக்குழுவைப் பேச வைத்தார். 1986-ல் படமே இல்லாமல் 'ஹௌ டு நேம் இட்' தந்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு அவருடைய 'வேலியண்ட்' சிம்ஃபொனியை வாசித்தது. காட்சி இல்லை, இயக்குநர் இல்லை. அப்போது அவருக்கு வயது 81.

என் பெரியப்பா மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். கல்யாண வீட்டில் கேட்கிற பாட்டைத்தான் வாசிக்க முடியும். அவரே போட்ட மெட்டுகள் ஏழெட்டு இருக்கின்றன, வீட்டைத் தாண்டி யாரும் கேட்டதில்லை. "இதுக்கு யாருடா காசு குடுப்பான்?" என்பார்.

நியாயமான கேள்விதான். படிப்பு முடிந்ததும் நானும் சம்பளத்துக்குத்தான் போகப் போகிறேன். சம்பளம் ஒன்றும் கேவலமில்லை. ஹைடன் பெரும்பாலான சிம்ஃபொனிகளை எழுதியது அந்த வேலையில் இருந்துகொண்டுதான். பழைய பிரபு 1790-ல் இறந்த பிறகு அவரும் லண்டன் போய், டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்காக 12 சிம்ஃபொனிகள் எழுதினார். புறப்படும்போது அவருக்கு வயது 58.

பெரியப்பாவுக்கு இப்போது 56. மெட்டுகளை ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.