ஏடு தொடக்குமுன் கற்ற பாடம்

எம் இளைய மகளுக்கு வயது 2. விசயதசமியில் ஏடு தொடக்குதற்கு இன்னும் ஓராண்டு உண்டு. ஆயினும், காலையிற் கேட்ட சொல்லை மாலையில் தனதாக்கிக்கொள்ளும் அவளது விரைவு எம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. அப்பாச்சியின் மூக்குக்கண்ணாடியை அணிந்து, பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்து ‘வாசிப்பாள்’. முற்றத்து மாமரத்தைக் காட்டி, “இது என்ன?” என்று பத்து முறை வினவுவாள், பத்து முறையும் மகிழ்ந்தே விடை கூறுவோம்.

ஒருநாள் மாலை, செவிப்புலன் குன்றிய எம் அன்னையார், “இண்டைக்கு என்ன கிழமை?” என்று இரண்டாம் முறை வினவினார். நாம் வாய் திறக்குமுன், குழந்தை இடுப்பிற் கைவைத்து நின்று, “எத்தினை தரம் சொல்லுறது?” என்றாள். வீட்டார் நகைத்தனர், அன்னையாரும் நகைத்தார். எமக்கோ நகை வரவில்லை. அச்சொல் எம்முடையது, அக்குரலும் எம்முடையதே.

மகளுக்குப் பத்து முறை விடை தந்த நாம், எமக்குப் பேசக் கற்பித்தவருக்கு இரு முறை கூற அலுத்துக்கொண்டோம். கல்லூரியிற் பின் வாங்கிலிருந்த எம்பொருட்டு, ஒரே கணக்கை முகஞ்சுளியாது மும்முறை கரும்பலகையில் எழுதிய ஆசிரியர் நினைவில் வந்தார். அவர் கற்பித்தது கணக்கு மட்டுமன்று என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அதன்பின், அன்னையாரின் அருகமர்ந்து, கேட்குந்தோறும் விடை கூறலானோம். சில நாட்களின் பின் மகளும் அப்பாச்சியின் செவியருகே சென்று, “புதன்கிழமை” என்று பொறுமையாக மும்முறை சொன்னாள். அன்று வெள்ளிக்கிழமை. ஆயினும், பாடம் பிழைக்கவில்லை.