மாறுபட்டும் பிரியாதவர்கள்

ஒரே கொள்கையைப் பின்பற்றுவோர் எல்லாவற்றிலும் ஒரே கருத்தினராய் இருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது மனித இயல்பு. மாற்றுக் கருத்து தோன்றியவுடன் ஒற்றுமை குலைந்துவிட்டதாக அஞ்சுவதும் அவ்வியல்பின் விளைவே. ஆயினும், வேறுபாடு வேறு, பிளவு வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லையை, கிறித்துவ சமயத்தின் இரண்டாம் நூற்றாண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இயேசுவின் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் நினைவுகூரும் பாஸ்காத் திருவிழாவை எந்நாளில் கொண்டாடுவது? இதுவே அன்று எழுந்த வினா. சின்ன ஆசியாவின் திருச்சபைகள் யூதர் நாட்காட்டியின் நீசான் மாதத்துப் பதினான்காம் நாளை, அஃது எக்கிழமையில் வரினும், விழா நாளாகக் கொண்டன. உரோமாபுரியும் வேறு பல திருச்சபைகளும் ஞாயிற்றுக்கிழமையன்றே கொண்டாடின. ஓரிடத்தில் நோன்பு முடிந்து விழா நடைபெறும்போது, மற்றோரிடத்தில் நோன்பு தொடர்ந்தது.

கி.பி. 155ஆம் ஆண்டையொட்டி, சிமிர்னா நகரத்து ஆயர் போலிகார்ப்பு உரோமாபுரிக்கு வந்தார். அந்நகரம் இன்று துருக்கி நாட்டில் இஸ்மீர் என்னும் பெயரால் விளங்குகிறது. போலிகார்ப்பு முதுமை எய்தியவர். இயேசுவை நேரிற் கண்டோரிடம் பாடம் கேட்டவர் எனப் போற்றப்பட்டவர். உரோமாபுரியின் ஆயராய் இருந்தவர் அனிசேத்துஸ். இருவரும் பாஸ்கா நாளைப் பற்றி உரையாடினர். யோவான் முதலிய திருத்தூதரோடு தாம் கைக்கொண்ட வழக்கத்தை விட இயலாது என்றார் போலிகார்ப்பு. தமக்கு முன்னிருந்த மூப்பரின் வழக்கத்தைக் காப்பது தம் கடன் என்றார் அனிசேத்துஸ். ஒருவரை ஒருவர் இணங்கச் செய்தல் இயலவில்லை.

அதன் பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. அனிசேத்துஸ் தம் திருச்சபையில் நற்கருணை வழிபாட்டை நடத்தும் சிறப்பை விருந்தினராகிய போலிகார்ப்புக்கு அளித்தார். தம் கருத்தை ஏற்காதவருக்குத் தம் இடத்தையே விட்டுக்கொடுத்தார். இருவரும் அமைதியோடு விடைபெற்றனர்.

போலிகார்ப்பு எதனையும் ஏற்றுக்கொள்ளும் இளகிய உள்ளத்தினரோ எனின், அல்லர். யூதர் மறைநூல் கூறும் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு எனப் போதித்தவர் மார்சியோன். அவரை எதிரே கண்டபோது, சாத்தானின் தலைமகன் என்றே கூறிப் போலிகார்ப்பு புறக்கணித்தார் என இரேனியு எழுதியுள்ளார். வேரைத் தாக்கும் வேறுபாட்டிற்கு ஓர் அணுவும் இடந்தராத அம்முதியவர், கிளையில் தோன்றும் வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டார். எது வேர், எது கிளை என்று பகுத்தறியும் தெளிவு அவரிடம் இருந்தது.

அத்தெளிவு எல்லோரிடமும் நிலைக்கவில்லை. ஏறத்தாழ 190ஆம் ஆண்டில் உரோமாபுரியின் ஆயராயிருந்த விக்டர், சின்ன ஆசியத் திருச்சபைகளைத் தம் உறவிலிருந்து நீக்க முற்பட்டார். எபேசு நகரத்து ஆயர் பொலிக்கிராத்து அஞ்சாமல் மறுமொழி விடுத்தார். தம் உறவினருள் எழுவர் ஆயர்கள் என்றும், தாம் எட்டாமவர் என்றும், 65 ஆண்டுகள் ஆண்டவர் பணியில் வாழ்ந்த தம்மை மிரட்டல் அசைக்காது என்றும் அவர் எழுதினார்.

இந்நிலையில் குறுக்கிட்டவர், கால் நாட்டின் லியோன் நகரத்து ஆயர் இரேனியு. இளமையில் போலிகார்ப்பின் அடியருகே அமர்ந்து கேட்டவர் அவர். எனினும் பாஸ்காவை ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுவதே முறை என்பது அவர் கொள்கை. நாளைப் பொறுத்தவரை விக்டரின் கட்சியே அவர் கட்சி. ஆயினும் அவர் விக்டரையே கண்டித்து எழுதினார். நோன்பை ஒரு நாள் காப்போரும் உளர், இரு நாள் காப்போரும் உளர், அதனினும் மிகுதியாகக் காப்போரும் உளர். அவ்வேறுபாடு நம்பிக்கையின் ஒருமைப்பாட்டையே உறுதிப்படுத்துகிறது என்று எடுத்துரைத்தார். அனிசேத்துஸும் போலிகார்ப்பும் பிரிந்த முறையை நினைவூட்டினார். இச்செய்திகளைத் தம் திருச்சபை வரலாற்றில் பாதுகாத்துத் தந்த யூசேபியு, 'அமைதி' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர் இரேனியுவுக்குப் பொருந்திற்று எனப் பாராட்டுகிறார்.

325ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், அனைவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விழாக் கொண்டாடுதல் வேண்டும் என முடிவு செய்தது. அந்நூற்றாண்டிலேயே பழைய நாளைக் கைவிடாதவர் திருச்சபையினின்று விலக்கப்பட்டனர். போலிகார்ப்பு பெருமையோடு காத்த வழக்கம், அவர் வழிவந்தோருக்குக் குற்றமாயிற்று. இத்துணைக் கண்டிப்பிற்குப் பிறகேனும் நாள் ஒன்றாயிற்றா? இல்லை. நாட்காட்டிக் கணக்கின் வேறுபாட்டால் 2024இல் மேலைத் திருச்சபைகள் மார்ச்சு 31ஆம் நாளிலும், கீழைத் திருச்சபைகளுள் பெரும்பாலானவை மே 5ஆம் நாளிலும் கொண்டாடின. 2025இல் ஏப்பிரல் 20ஆம் நாள் இரு சாராருக்கும் பொதுவாய் அமைந்தது.

ஆணையினால் நாளையும் சடங்கையும் ஒன்றாக்க முயலலாம். உள்ளங்களை ஒன்றாக்குதல் அரிது. எதிர்க்கருத்தினரை வெளியேற்றத் துடிப்போர் எந்த அமைப்பிலும் இருப்பர். அவ்வேளையில் அவர்கள் கட்சியைச் சார்ந்த ஒருவரே எழுந்து, "நீர் சொல்வது சரி, நீர் செய்வது சரியன்று" என்று கூறத் துணிந்தால் அவ்வமைப்பு பிழைக்கும். இரேனியு அத்துணிவு பெற்றிருந்தார். மாணவர்க்கு வாதிடக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வாதம் முடிந்த பின் எதிரே நின்றவருக்கு இருக்கை தரவும் கற்பித்தல் வேண்டும்.