மீசை முளைத்த தூண்!

லேப்டாப்பில் இடம் பத்தலையா? எதையாவது அழிச்சுத் தள்ளணும்னு கை பரபரக்குதா? ஒரு நிமிஷம் பாஸ்... என் சோகக் கதையைக் கேட்டுட்டு அப்புறம் டெலீட் பட்டன்ல விரலை வைங்க!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். டிபார்ட்மென்ட்டில் என்ன விழான்னாலும் கேமராவும் கையுமா அலையுற ஆள். எடுத்த படத்தை லைட்ரூமில் நிமிர்த்த 'லென்ஸ் ப்ரொஃபைல்'னு ஒரு ஃபைல் வேணும். எந்த லென்ஸ் எங்கே வளைக்கும், ஓரத்தில் எவ்வளவு இருட்டடிக்கும்னு எழுதி வெச்ச ஜாதகம் அது. கண்ட இடத்திலிருந்தும் இறக்கினதில் என்கிட்ட நானூத்திச் சொச்சம் சேர்ந்துபோச்சு. சொந்தமா இருக்கிறதோ ரெண்டே லென்ஸ்! 'ரா' படத்துக்கு ஒண்ணு, ஜேபெக்குக்கு ஒண்ணுன்னு ரெட்டைப் பிள்ளைங்க வேற. லிஸ்ட்டில் தேடியே விரல் தேஞ்சுது.

ஒருநாள் ராத்திரி பொறுக்க முடியாம, 'ஆப்டேட்டா'வுக்குள்ள ஒளிஞ்சு கிடந்த அந்த ஃபோல்டரைத் தோண்டி எடுத்து மொத்தமா ஷிஃப்ட் டெலீட்! மிச்சமான இடம்? ஒரே ஒரு ரா படத்தோட சைஸ். (சிரிக்காதீங்க!)

ரெண்டு வாரம் கழிச்சு ஹெச்.ஓ.டி. கூப்பிட்டார். ரிட்டயர் ஆன எங்க லேப் அண்ணனோட பிரிவு உபசார குரூப் போட்டோவைப் பெருசா பிரேம் போட்டு, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கணுமாம். திறந்தேன். பகீர்னுச்சு! வராண்டா தூண் வளைஞ்சு நிக்குது. ஓரமா கூச்சத்தோட நின்ன அண்ணன் முகத்துல பாதி இருட்டு.

விஷயம் இதுதான். லைட்ரூம் நம்ம படத்தைத் தொடுறதே இல்லை. 'இந்த ப்ரொஃபைலைப் போடு'ன்னு சமையல் குறிப்பு மட்டும் எழுதி வெச்சுக்கும். குறிப்பு இருக்கு, மசாலாவைத் தூக்கிப் போட்டாச்சு!

மத்த ஃபைலை எல்லாம் திரும்ப இறக்கிடலாம். இது முடியாது. அந்தப் படம் எடுத்தது ஒரு சீனியர் அண்ணாகிட்ட கடன் வாங்கின 14 எம்.எம். மேனுவல் லென்ஸ்ல. ரெடிமேட் ப்ரொஃபைல் கிடையாது. செஸ் கட்டம் பிரின்ட் எடுத்து டிராயிங் போர்டில் ஒட்டி, விடிய விடியப் படம் பிடிச்சு, அடோபியின் 'லென்ஸ் ப்ரொஃபைல் கிரியேட்டர்' மூலமா நாங்களே செஞ்சது. அண்ணா இப்ப புனேயில் வேலை. லென்ஸை வித்துட்டார்.

ஸ்லைடரைத் தள்ளி நிமிர்த்தலாமேன்னு பார்த்தேன். நடுவுல சரியானா ஓரம் எதிர்ப்பக்கம் வளையுது. போட்டோக்காரங்க பாஷையில் இதுக்குப் பேரே 'மீசை' வளைவு! ஒரு ஸ்லைடருக்கு அடங்காது.

கடைசியில் ஞாபகம் வந்துச்சு... போன செமஸ்டர் அந்த ஃபைலை ஒரு ஜூனியருக்குக் கொடுத்திருந்தேன். "லேப்டாப்பை ஃபார்மட் பண்ணிட்டேனேக்கா"ன்னான். என் முகத்தைப் பார்த்துட்டு, பென்சில் பாக்ஸிலிருந்து மூடி இல்லாத பென் டிரைவ் ஒண்ணைத் தேடி நீட்டினான். உள்ளே இருந்தது! போட்டதும் தூண் நிமிர்ந்துச்சு, அண்ணன் முகம் வெளுத்துச்சு.

இப்ப நான் எதையும் அழிக்கிறதில்லை. தேதி போட்ட தனி ஃபோல்டருக்கு நகர்த்திட்டு, லைட்ரூமை மூடித் திறந்து, பழைய படங்களை ஒரு ரவுண்டு பார்க்கிறேன். நாமளே செஞ்ச ப்ரொஃபைல்னா மெயிலில் ஒரு காப்பி.

பிரேமை அண்ணன் வீட்டுல அவரே மாட்டினார். தூண் நேரா இருக்கு. பிரேம்தான் கொஞ்சம் கோணல்!